மணியின் கயிறு யாருக்கு எட்டும்?

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயசில் கேட்காதவங்க நம்மில் இருக்க மாட்டாங்க. இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் அகப்பட்டு ஒரு கன்று இறந்தது. தாய்ப்பசு நேராக அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் நடந்ததை விசாரித்து, தன் ஒரே மகனைத் தேர்க்காலில் கிடத்தினான். கடைசியில் இறைவன் தோன்றி, போன உயிர்களை மீட்டுக்கொடுத்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது.

கோயில் வகுப்புகளில் இந்தக் கதையை அரசனின் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்வாங்க. எனக்கு இப்போ அந்த மணிதான் பெரிசாத் தெரியுது. பசுவுக்கு அரசவை மொழி தெரியாது. அதற்காகப் பேச வக்கீல் கிடையாது. ஆனா கயிறு அதற்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. மணிச்சத்தம் கேட்டதும் "மாடுதானே, விரட்டு" என்று காவலாளி சொல்லவில்லை. அரசனின் நேர்மைக்கு முன்னாடியே அந்த ஊரில் ஒரு ஏற்பாடு சரியா இருந்திருக்கு.

போலீஸைச் சீர்திருத்தணும் என்று எந்த நாட்டில் பேச்சு வந்தாலும், ஆள்பலம், கேமரா, கடுமையான சட்டம் என்றுதான் பட்டியல் போகும். எல்லாமே தேவைதான். ஆனா அதற்கு முன்னாடி கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு: மணியின் கயிறு யார் யார் கைக்கு எட்டுது? இதை வெறும் தத்துவமாக இல்லாமல், நமக்கு நல்லாத் தெரிந்த ஒரு தெருவில் வைத்து யோசிப்போம். தேக்காவிலேயே வைத்துப் பார்ப்போம்.

அந்த ஞாயிறு இரவு

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு 9.20 மணிவாக்கில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களைத் தங்குவிடுதிக்குத் திருப்பி ஏற்றிப்போகும் ஒரு தனியார் பேருந்தின் அடியில் 33 வயதுக் கட்டுமான ஊழியர் ஒருவர் சிக்கி இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். சுற்றி நின்ற கூட்டம் கொதித்தது. பேருந்தின் மேல் கல்லும் பாட்டிலும் பறந்தன. உதவிக்கு வந்த குடிமைத் தற்காப்புப் படையினரும் போலீஸாரும் தாக்கப்பட்டாங்க. ஏறக்குறைய 300 பேர் கலவரத்தில் இறங்கினாங்க. அடங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. பணியில் இருந்த அதிகாரிகளில் 54 பேருக்குக் காயம். 23 அவசரகால வாகனங்கள் சேதமாயின. ஓர் ஆம்புலன்ஸ் உட்பட 5 வாகனங்கள் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் பார்த்த முதல் கலவரம் அது.

அப்போ நான் தொடக்கப்பள்ளி மாணவன். பெரியவங்க பேச்சில் அடிக்கடி வந்த வாக்கியம் மட்டும் ஞாபகம் இருக்கு: "அது நாம இல்லை, வெளிநாட்டு ஊழியருங்க." உண்மைதான். ஆனா அந்த "நாம", "அவங்க" என்ற கோடுதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினையே.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 2014 ஜூனில் அறிக்கை வந்தது. வேலையிடச் சூழலோ தங்குவிடுதிச் சூழலோ கலவரத்துக்குக் காரணம் இல்லை என்பது குழுவின் முடிவு. விபத்து, மது, அந்த இடத்திலேயே நியாயம் தீர்க்க நினைத்த கூட்டத்தின் மனநிலை ஆகியவற்றோடு இன்னொரு காரணத்தையும் அது சொன்னது. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டம் தப்பாகப் புரிந்துகொண்டது. ஓட்டுநரையும் பேருந்தின் நேரக்காப்பாளரையும் அதிகாரிகள் பாதுகாப்பாக வெளியே கொண்டுபோனாங்க. கூட்டத்தின் கண்ணில் அது எப்படிப் பட்டது? "நம்ம ஆள் சக்கரத்துக்கு அடியில் கிடக்கிறான், இவங்க அவங்களைக் காப்பாத்துறாங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். அதிகாரிகள் செய்தது சரி. தாக்கப்படும் நிலையில் இருப்பவரைக் காப்பாற்றுவது அவங்க கடமை. ஆனா சரியான செயலைத் தப்பான செயலாகப் பார்க்கும் அளவுக்கு அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது? கல்லெறிந்தவங்களை நான் நியாயப்படுத்தவில்லை. காயம்பட்ட 54 பேரும் அன்று உதவ வந்தவங்க. அன்றைக்கும் கூட்டத்திலேயே சில ஊழியர்கள் முன்வந்து மற்றவங்களைத் தடுக்கப் பார்த்தாங்க. அந்தக் காட்சி காணொளியிலும் பதிவாச்சு. என் கேள்வி வேற. அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த, அவங்க நம்பும் ஒரு குரல், அவங்க மொழியில் "இறந்தவரை எடுக்க ஆள் வந்திருக்காங்க, வழி விடுங்க" என்று சொல்லும் நிலை ஏன் அதற்கு முன்னாடியே உருவாகவில்லை? அப்படி ஒரு குரல் இருந்திருந்தா கலவரம் நின்றிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனா அப்படி ஒரு குரலை இரவு 9.20க்குத் தேட முடியாது. வருஷக்கணக்கில் வளர்த்திருக்கணும்.

அந்நியரா, அண்டை வீட்டாரா?

காவல் என்பதற்கு உலகத்தில் இரண்டு மாதிரிகள் உண்டு. ஒன்று, அந்நியரைக் காவலுக்கு வைப்பது. பிரிட்டிஷார் தங்கள் காலனிகளில் செய்தது பெரும்பாலும் இதுதான். சிங்கப்பூரில் 1881இல் சீக்கியப் படைப்பிரிவு அமைந்தது. 1949இல் கூர்க்காப் பிரிவு வந்தது. உள்ளூரில் சொந்தபந்தம் இல்லாதவர் யார் பக்கமும் சாய மாட்டார் என்பது இதன் தர்க்கம். இனக்கலவர நேரங்களில் அந்த நடுநிலை உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கு. ஆனா அந்நியக் காவலருக்கு ஊரைத் தெரியாது, ஊருக்கும் அவரைத் தெரியாது. கோபம் வெடித்த பிறகு அடக்கத்தான் அவரால் முடியும்.

இரண்டாவது மாதிரி, அண்டை வீட்டாரே காவலராக இருப்பது. 1983இல் ஜப்பானின் கோபான் முறையைப் பார்த்து, தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி திறக்கப்பட்டது. வீவக புளோக்கின் கீழேயே போலீஸ். பாட்டிகளுக்கு அவர் பெயர் தெரியும், அவருக்கு எந்த வீட்டில் யார் தனியாக இருக்காங்க என்று தெரியும். 1997 முதல் இது அக்கம்பக்கக் காவல் நிலையங்களாக விரிந்தது. 1975 முதல் தேசிய சேவையாளர்களும் போலீஸில் பணியாற்றுறாங்க. நம் அண்ணனும் தம்பியுமே சீருடையில் நிற்கிறாங்க. 1946 முதல் இருக்கும் தொண்டூழியச் சிறப்புக் காவல் படையில், பகலில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ இருப்பவர், வேலை முடிந்ததும் முழு அதிகாரமுள்ள போலீஸாக ரோந்து போகிறார். குடிமக்கள் சேவையின் வழியாகக் காவலை மாற்றுவது என்றால் என்ன என்று கேட்பவங்களுக்கு நம் ஊரிலேயே நல்ல பதில் இருக்கு.

ஆனா ஒரு விஷயம். இந்த ஏற்பாடு முழுக்க "குடியிருப்பவர்" என்ற ஒருவரை மனசில் வைத்துக் கட்டப்பட்டது. அவருக்கு ஒரு புளோக் எண் உண்டு. குடியிருப்பாளர் குழு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் ஊழியருக்கு இதில் எது இருக்கு? அவர் தூங்குவது துவாஸிலோ பொங்கோலிலோ இருக்கும் தங்குவிடுதியில். தேக்காவில் அவர் சாப்பிடுகிறார், ஊருக்குப் பணம் அனுப்புகிறார், சாமி கும்பிடுகிறார், நண்பனைப் பார்க்கிறார். அவருடைய வாரத்தின் ஒரே ஊர் வாழ்க்கை அங்கேதான் நடக்குது. ஆனா கணக்கில் அவர் அந்த இடத்தின் சமூகம் இல்லை. அந்த இடத்துக்கு வரும் "கூட்டம்". சமூகக் காவல் என்று நாம் சொல்லும்போது, சமூகம் என்ற பகுதி நமக்கு, காவல் என்ற பகுதி அவருக்கு என்று பிரிந்துபோகுது.

என் தேசிய சேவையைப் போலீஸில் செய்தேன். பெரும்பாலும் எம்ஆர்டி நிலையங்களில் ரோந்து. ஞாயிறு மாலைகளில் ஒன்றை அடிக்கடி கவனிச்சிருக்கேன். வழி சொல்வதற்காக ஓர் ஊழியர் பக்கம் திரும்பினாலும், நாங்க வாய் திறக்கும் முன்னாடியே அவர் கை வேலை அனுமதி அட்டையைத் தேடிப் பைக்குள் போகும். "அண்ணே, கார்டெல்லாம் வேண்டாம். எந்தப் பக்கம் போகணும்?" என்று தமிழில் கேட்டதும் முகமே மாறிடும். சில பேர் ஊர்ப் பேரைச் சொல்லி, "தம்பிக்குப் பூர்வீகம் எந்த ஊரு?" என்று கேட்பாங்க. சட்டம் ஒன்றும் மாறலை. சீருடையும் அதேதான். ஆனா அந்த ஒரு நிமிஷத்தில் கயிறு கொஞ்சம் கீழே இறங்கியது.

பொறியியல் படிக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. எந்தக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஃபீட்பேக் வேண்டும். ஏசியின் வெப்ப உணரியை அறைக்கு வெளியே மாட்டிவிட்டு, உள்ளே குளிர் சரியாக இருக்கணும் என்று எதிர்பார்க்க முடியுமா? கலவரத்துக்குப் பிறகு தேக்காவில் கேமராக்கள் கூடின, விளக்குகள் கூடின, 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வார இறுதிகளில் தெருக்கள் அமைதியாகவே இருக்கு. இதை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா கேமரா நாம் அவங்களைப் பார்க்க உதவும். அவங்க நம்மிடம் எதையாவது சொல்ல அது உதவாது.

ஊர்க்காவலின் இரண்டு முகம்

"ஊரே காவல் காக்கட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதன் ஆபத்தையும் தமிழர்களாகிய நாம் பார்த்திருக்கோம்.

பிரிட்டிஷாருக்கு முந்தைய தமிழகத்தில் ஊர்க்காவல் என்ற முறை இருந்தது. ஊர் மக்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல்காரருக்குத் தருவாங்க. திருட்டுப் போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துத் தரணும். முடியாவிட்டால் இழப்பை அவரே ஈடுகட்டணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இன்றைய போலீஸிடம் புகார் கொடுத்தால் குற்றவாளி பிடிபடலாம், தண்டனையும் பெறலாம். இழந்தவருக்கு இழந்தது திரும்ப வரணும் என்பது அந்த வழக்கின் முதல் நோக்கமாக இருப்பதில்லை. பழைய முறையில் அதுதான் முதல் நோக்கம்.

ஆனா அதே முறைக்கு இன்னொரு முகமும் இருந்தது. காவல் உரிமை சிலரின் பரம்பரைச் சொத்தாச்சு. காவல் பணம் தராத ஊரில்தான் திருட்டு நடக்கும் என்ற நிலை வந்தது. தொலைந்த மாட்டைத் திரும்பப் பெற 'துப்புக்கூலி' என்று பணம் கொடுக்கணும். திருடியது யார், துப்புக் கொடுத்தது யார் என்பதே பல நேரம் குழப்பம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரைப் பக்கத்து ஊர்க்காரங்களே காவல் முறைக்கு எதிராகத் திரண்டாங்க. ஊரின் பெயரால் அதிகாரம் வைத்திருப்பவரைக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனால் நடப்பது இதுதான்.

நம் காலத்திலும் ஒரு பாடம் இருக்கு. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அப்போது காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களிலிருந்து வரும் இளைஞர்கள் போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவில் பாலமாக இருக்கணும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆனா 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோது, இந்த அமைப்பின் தொண்டர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அமைப்புக்குத் தடை போட்டது. அந்தக் குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் எப்படி முடிந்தாலும் கேள்வி மாறாது. தொண்டர் யாருக்குப் பதில் சொல்லணும்? அவர் மக்களின் குரலை நிலையத்துக்குள் கொண்டுபோகிறாரா, நிலையத்தின் லத்தியை மக்களிடம் கொண்டுவருகிறாரா?

இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இது. தொண்டு மட்டும் போதாது, அதற்கு வரம்பு வேண்டும். தொண்டூழியக் காவல் படைக்கு நம் ஊரில் மரியாதை இருக்குன்னா, அதில் சேருகிறவருக்குப் பயிற்சி, பதவி, சட்டம், கேள்வி கேட்கும் மேலதிகாரி எல்லாம் இருப்பதுதான் காரணம். அதே நேரம், பாலம் என்றால் இரண்டு பக்கமும் போக்குவரத்து வேண்டும். நம் பக்கத்துச் செய்தியை மட்டும் ஏற்றிப்போனால் அது ஒருவழிப்பாதை.

தண்டமும் பிராயச்சித்தமும்

நம் தர்ம நூல்களில் எனக்குப் பிடித்த ஒரு அமைப்பு உண்டு. யாக்ஞவல்கிய ஸ்மிருதி மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கு: ஆசாரம், விவகாரம், பிராயச்சித்தம். வழக்கும் தண்டனையும் விவகாரத்தில் வரும். செய்த தவறுக்குத் தானே பரிகாரம் தேடுவது பிராயச்சித்தத்தில் வரும். அந்த நூல்களின் எல்லா விதிகளையும் இன்று நாம் ஏற்க முடியாது. சாதி பார்த்துத் தண்டனை சொல்லும் இடங்களும் அவற்றில் உண்டு. ஆனா இந்தப் பிரிவில் ஒரு தெளிவு இருக்கு. தண்டம் வெளியிலிருந்து வருது. கம்பு என்பதே அந்தச் சொல்லின் முதல் பொருள். அபராதம் கட்டலாம், சிறைக்குப் போகலாம், பிரம்படி வாங்கலாம். அதெல்லாம் முடிந்த பிறகும் "நான் செய்தது தப்பு" என்று ஒருவருக்குத் தோன்றாமலே இருக்கலாம். பிராயச்சித்தம் உள்ளிருந்து தொடங்கணும்.

இன்று உலகம் சீரமைப்பு நீதி என்று சொல்வது ஏறக்குறைய இந்த இரண்டையும் சேர்க்கும் முயற்சி. 1974இல் கனடாவின் ஒன்டாரியோவில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 இடங்களை நாசம் செய்தாங்க. மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி நீதிபதியிடம் வழக்கத்துக்கு மாறான ஒரு யோசனை சொன்னார்: இவங்க பாதிக்கப்பட்டவங்களை நேரில் சந்திக்கட்டும். இரண்டு பேரும் வீடு வீடாகப் போனாங்க. தங்களால் என்ன இழப்பு என்று கேட்டாங்க. பிறகு ஈடு கொடுத்தாங்க. 1989இல் நியூசிலாந்து இளையர் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டம் என்ற முறையைச் சட்டமாக்கியது. மவோரி மக்களின் மரபு அதற்கு அடிப்படை.

சிங்கப்பூரிலும் இதன் கூறுகள் உண்டு. சின்னக் குற்றம் செய்த இளையர்களை நேராக நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஆலோசனையில் சேர்க்கும் வழிகாட்டுத் திட்டம் 1997இல் வந்தது. 1998 முதல் சமூக சமரச நிலையங்கள் அக்கம்பக்கச் சண்டைகளைத் தீர்த்துவைக்கின்றன. அங்கே நடுவில் உட்காருபவங்க பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். 2011 முதல் நீதிமன்றம் சில குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் சமூக சேவை ஆணை கொடுக்கலாம்.

இப்போ தேக்காவுக்குத் திரும்புவோம். கலவரத்துக்குப் பிறகு 25 பேர் மீது வழக்கு. 57 பேர் வழக்கு இல்லாமலே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டாங்க. ஏறக்குறைய 200 பேருக்கு எச்சரிக்கை. ஆம்புலன்ஸை எரித்தவருக்குச் சிறை கிடைத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் யோசிப்பது அந்த 57 பேரைப் பற்றி. நாட்டின் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு அப்படி முடிவெடுக்கும் உரிமை உண்டு. ஆனா அனுப்பிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நாம் நினைக்கும்போது ஒன்று தொலைந்துபோகுது. தலையில் கட்டுடன் வீடு திரும்பிய இளம் அதிகாரி, "நான் அன்னைக்கு உங்க ஆளை எடுக்கத்தான் வந்தேன்" என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் நின்றவருக்கு, "உள்ளே என்ன நடந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லவும் இடம் கிடைக்கலை. சீரமைப்பு என்றால் இரண்டு பேருக்கும் சேர்ந்த ஒரு நாளை இருக்கணும். தற்காலிகமாக இருப்பவர் என்று ஒருவரை முடிவு செய்துவிட்டால், அவரோடு எதையும் சீரமைக்கத் தேவையில்லை என்று ஆகிடுது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: "இப்படி மென்மையாகப் போனால் பயம் போயிடும். இந்த ஊர் பாதுகாப்பாக இருப்பதே சட்டம் கண்டிப்பாக இருப்பதால்தான்." ஒப்புக்கொள்கிறேன். சீரமைப்பு நீதி சிறைக்குப் பதிலாக எல்லா இடத்திலும் வர முடியாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவரிடமும், பாதிக்கப்பட்டவர் சந்திக்க விரும்பாதபோதும் அது நடக்கவே கூடாது. ஆனா பாதிக்கப்பட்டவர் எதிரில் உட்கார்ந்து அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது மென்மையான விஷயம் என்று நான் நினைக்கலை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவது அதைவிடச் சுலபம்.

இரண்டாவது: "அவங்களுக்கும் வழிகள் இருக்கே." ஆமா, இருக்கு. 2009 முதல் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இயங்குது. சம்பளத் தகராறுகளுக்கு 2017 முதல் முத்தரப்புச் சமரச அமைப்பு இருக்கு. 2008 முதல் கஃப் சாலைப் பக்கம், வேலையில் காயம்பட்டு வழக்கு முடியக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு இலவச உணவு கொடுத்து, அவங்க பிரச்சினையையும் கேட்டுவருது. மணியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனா மணி இருப்பதும் கயிறு எட்டுவதும் இரண்டு விஷயம். புகார் கொடுத்தால் முதலாளி ஊருக்கு அனுப்பிடுவாரோ என்று பயப்படும் ஒருவருக்கு, எத்தனை மணி தொங்கினாலும் கயிறு உயரத்தில்தான் இருக்கும். கூட்டம் தெருவிலேயே நியாயம் தீர்க்கப் பார்த்தது என்று விசாரணைக் குழு சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்கணும். வாசலில் கயிறு எட்டாதவங்கதான் தெருவில் நியாயம் தேடுவாங்க.

நம் பங்கு

இதில் மாணவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும்? சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனா நமக்கு இருக்கும் ஒன்று இந்த ஊரில் பலருக்கு இல்லை. நமக்குத் தமிழ் தெரியும், இந்த ஊரின் முறையும் தெரியும். இரண்டு பக்கமும் பேசக்கூடிய ஆள் நாம்.

போலீஸிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ தேசிய சேவை செய்யப்போகும் தம்பிகளே, உங்க தமிழைக் கூச்சப்படாமல் வெளியே எடுங்க. சீருடையில் இருப்பவர் "அண்ணே" என்று கூப்பிட்டால் அதிகாரம் குறையாது. படிப்பு முடிந்தவங்க தொண்டூழியக் காவல் படையைப் பற்றி விசாரிங்க. பேச்சில் பொறுமை உள்ளவங்க, வயசும் அனுபவமும் வரும்போது சமூக சமரச நிலையத்தில் சமரசராகப் பயிற்சி எடுங்க. தமிழில் பேசத் தெரிந்த சமரசர் அங்கே ஒரு சொத்து. முதலுதவி கற்றுக்கொள்ளுங்க. தேக்காவில் அடுத்த விபத்து நடக்கும்போது கூட்டத்துக்கு முன்னால் நின்று தமிழில் விளக்கம் சொல்லத் தகுதி உள்ளவர் ஒருவராவது இருக்கட்டும்.

நம் கோயில்களுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கு. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் ஞாயிறன்று நம் பக்கத்தில் கை கூப்பி நிற்பவர் பெரும்பாலும் அந்த ஊழியர்தான். தைப்பூசத்தில் காவடி சுமப்பவங்களிலும் அவர் உண்டு. அன்னதான வரிசையில் அவருக்குச் சாப்பாடு பரிமாறுகிறோம். அது புண்ணியம்தான். ஆனா பரிமாறுவதோடு நிறுத்தாமல், பரிமாறும் பக்கத்திலும் அவரை நிறுத்தினால் என்ன? தைப்பூசத் தொண்டூழியர் குழுவில், கூட்ட ஒழுங்கு பார்க்கும் குழுவில், தங்குவிடுதிகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கலாம். அப்பர் பெருமான் உழவாரம் எடுத்துக் கோயில் வெளியைச் செதுக்கியதை நாம் தொண்டுக்கு உதாரணமாகச் சொல்கிறோம். தொண்டு செய்கிறவருக்கு அந்த இடம் சொந்தமாகிடும். ஒரு தெருவின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நாம் யாருக்குக் கொடுக்கிறோமோ, அவர் அந்தத் தெருவின் ஆளாகிறார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாக அவரை வைத்திருந்தால் கூட்டமாகவேதான் இருப்பார்.

கோயில் வாசலில் மாதம் ஒரு ஞாயிறு, அக்கம்பக்கக் காவல் நிலைய அதிகாரி ஒருவரும் நம் இளைஞர்கள் நாலு பேரும் மேசை போட்டு உட்காரலாம். கைப்பேசி மோசடியில் பணம் போனவர், பணப்பையைத் தொலைத்தவர், எதற்கோ கொடுத்த எச்சரிக்கைக் கடிதம் புரியாமல் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பவர், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும். நாம் மொழிபெயர்க்கலாம், எங்கே போகணும் என்று வழி காட்டலாம். தீர்ப்பு சொல்லும் வேலை நமக்கு வேண்டாம். வந்தவர் சொல்வதை அவர் சொன்ன மாதிரியே அதிகாரியிடம் சேர்ப்பதுதான் நம் வரம்பு. அந்த மேசைக்கு முதல் மாதம் யாருமே வராமல் போகலாம். இரண்டாம் மாதமும் போடணும். நம்பிக்கை அப்படித்தான் வரும்.

இறந்தவங்களை எழுப்ப நம்மால் முடியாது, அது கதையில் இறைவன் செய்த வேலை. மணியைக் கட்டியது மனுஷங்க. கயிறு எந்த உயரத்தில் தொங்கணும் என்று முடிவு செய்ததும் மனுஷங்கதான். அந்த மேசையைப் போட விருப்பம் உள்ளவங்க அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு ஒரு யோசனையோடு வாங்க. தேதி குறிப்போம்.